சாளையை இடிக்க வேண்டாம், அப்பா

கிளாஸ்கோ,
கார்த்திகை மாதம்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நம் சாளை வீட்டை இடித்துவிட்டு அங்கே மாடுகளுக்குப் புதுக் கட்டுத்தரை போட வேண்டும் என்று அண்ணன் நிற்பதாக எழுதியிருந்தீர்கள். படித்ததிலிருந்து மனசு சரியில்லை.

போன ஞாயிறு கீழ்வீட்டுப் பெரியவர் என்னை அல்லோவேக்குக் கூட்டிப்போனார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றாரே, அவர்தான். மாடிப்படியில் பார்த்தால் ராபர்ட் பர்ன்ஸ் பாட்டு ஒன்றைச் சொல்லாமல் விடமாட்டார். அந்தக் கவிஞர் பிறந்த ஊர்தான் அல்லோவே. ஏர் என்கிற ஊர் வரை ரயில், அப்புறம் பஸ். டிக்கெட்டெல்லாம் அவரே எடுத்துவிட்டார்.

பர்ன்ஸ் பிறந்த வீட்டைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டேன். மண் சுவர், வேய்ந்த கூரை, நீளவாக்கில் ஒரே கட்டடம். ஒரு முனையில் அடுப்படி, மறுமுனையில் மாடுகள் இருந்த இடம். தோட்ட வேலை பார்த்த அவருடைய அப்பா 1757-ல் தன் கையாலேயே கட்டியது. அடுப்படிச் சுவரில் பெட்டி மாதிரி பதித்த கட்டிலில்தான் 1759 ஜனவரி 25-ல் பர்ன்ஸ் பிறந்தாராம். சில நாளிலேயே புயலில் ஒரு பக்கச் சுவர் சரிய, தாயையும் பிள்ளையையும் பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். சரிந்ததை எடுத்துக் கட்டிக்கொண்டு அங்கேயே வாழ்ந்தார்கள், அப்பா. இன்றைக்கும் நிற்கிறது.

மியூசியம் போகும் பாதையில் ஒரு எலிக்குப் பெரிய சிலை. 1785-ல் பர்ன்ஸ் ஏர் ஓட்டும்போது எலியின் கூடு கலைந்துபோக, குளிர் வரும் நேரத்தில் உன் வீடு போயிற்றே என்று அதனிடமே பேசி ஒரு பாட்டுக் கட்டியிருக்கிறார். உங்கள் அப்பா, நம் அப்பாரு, மயிலைக் காளையிடம் பேசுவாரே, அந்த மனசு. நினைவு மண்டபத் தோட்டத்தில் இப்போது பூ இல்லை. கீழே டூன் ஆறு, ஒற்றை வளைவுக் கல்பாலம். காது அறுந்துவிடும் போலக் காற்று. பெரியவர் பாலத்தில் நின்று, பர்ன்ஸ் பாட்டில் அந்தப் பாலத்தில் சூனியக்காரி குதிரையின் வாலைப் பிடித்த கதை முழுவதையும் சொல்லி முடித்தார். அந்த வீட்டைக் கட்டிய அப்பாவின் சமாதியும் பக்கத்துப் பழைய கோயில் வளாகத்தில்தான் இருக்கிறது.

எனக்கு அந்த அடுப்புத்தான் கண்ணுக்குள் நிற்கிறது. அதன் முன்னால் நின்றபோது, சாளையில் அம்மா அரிசிம்பருப்புச் சோற்றுக்குத் தாளிக்கிற வாசம் வந்துவிட்டது. அழுதுவிட்டேன். பெரியவர் பேசாமல் வெளியே போய் நின்றுகொண்டார்.

சாளையை இடிக்க வேண்டாம். அப்பாரு கட்டியது, நாங்கள் எல்லாரும் பிறந்தது. மேற்குச் சுவர் விரிசலைக் கொத்தனாரிடம் காட்டுங்கள். உடைந்த ஓட்டை மாற்றி, கரையான் பிடித்த விட்டத்துக்கு மருந்து அடித்தால் போதும். கட்டுத்தரையைக் கிணற்று மேட்டில் போடலாம். செலவு என் பொறுப்பு. இந்த மாதப் பணம் மட்டும் முன்னே பின்னே ஆகும். வேலை நேரம் மாறியிருக்கிறது, வேறொன்றுமில்லை. அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

மஞ்சளை அவசரப்பட்டு விற்காதீர்கள், ஈரோட்டு விலையைப் பெரியப்பாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பாப்பா நிச்சயத்துக்கு நாள் குறித்ததும் எழுதுங்கள். அமுச்சி மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறதா? அண்ணனிடம் ஞாயிற்றுக்கிழமை நானே போனில் பேசுகிறேன். அதுவரை யாரும் கடப்பாரையை எடுக்க வேண்டாம்.

உங்கள் மகன்