ஓட்டைக் காலணாவைக் கையில் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

விடுமுறைப் பொழுதுபோக்குகள் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பாட்டையும் சதுரங்கத்தையும் பரிந்துரைத்துவிட்டு, நாணயச் சேகரிப்பைக் கண்ணால் ரசிப்பவர்கள் கணக்கில் எழுதிவிட்டது. தபால்தலை என்றால் ஒப்புக்கொள்ளலாம். காசு அப்படியல்ல, அதிலும் நம் நாட்டுக் காசு விரலுக்கென்றே வார்த்தது போல இருக்கும்.

1943 முதல் 1947 வரை வந்த, நடுவில் துளை உள்ள ஓட்டைக் காலணாவை (கால் அணா) எடுத்துக்கொள்ளுங்கள். நெளிவிளிம்பு ஓரணா, சதுர இரண்டணா, தசம முறை வந்த பிறகு சதுர ஐந்து பைசா, நெளிந்த பத்து பைசா, 1992-ல் தொடங்கிய பதினொரு பக்க இரண்டு ரூபாய் என்று தடவியே பெயர் சொல்லிவிடலாம். 25 பைசாவும் அதற்குக் கீழானவையும் 2011 ஜூன் 30-உடன் செல்லாமல் போனதால், பல வீடுகளில் பழைய உண்டியலிலேயே முதல் சேகரிப்பு காத்திருக்கிறது. ஒரு சிக்கல் மட்டும் உண்டு: மூன்று பைசாவும் 1982-க்குப் பிந்தைய இருபது பைசாவும் இரண்டுமே அறுகோண அலுமினியம். பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்க்க வேண்டும். இருபது பைசா நன்றாகவே பெரியது.

பிரிப்பதற்குப் பல்லாங்குழிப் பலகையை விட நல்ல சாதனம் கிடையாது. பதினான்கு குழி, உருண்டோடாத விளிம்பு. முதலில் வடிவம், அடுத்து விளிம்பு (நகத்தால் சுரண்டினால் பல் இருக்கிறதா, வழுவழுப்பா என்று தெரியும்), அதன்பிறகு எடை. கடைசியாக ஒரு சின்னக் காந்தம். 28 மி.மீ. ஒரு ரூபாயில், 1962-ல் வந்த நிக்கல் காசு 10 கிராம், காந்தத்தில் ஒட்டும். 1975-ல் வந்த செம்பு-நிக்கல் காசு அதே அகலம், 8 கிராம், ஒட்டாது. கண் உள்ளவர் ஆண்டைத் தேடிப் படிப்பதற்குள் விரல் முடித்துவிடும். எடைக்குப் பேசும் தராசு தேவையில்லை. ஸ்கேலின் நடுவில் பென்சிலை வைத்து, தெரிந்த காசு ஒரு முனையில், தெரியாதது மறுமுனையில், அவ்வளவுதான். இரண்டையும் நடுவிலிருந்து ஒரே தூரத்தில் வைக்காவிட்டால் தராசு பொய் சொல்லும்.

உண்மையில் குழப்புவது பழைய காசு அல்ல, சட்டைப்பையில் இருப்பதுதான். 2019 மார்ச்சில் பார்வையற்றோருக்காகவே வெளியான வரிசையில் ஒரு ரூபாய் 20, இரண்டு ரூபாய் 23, ஐந்து ரூபாய் 25, பத்து ரூபாய் 27 மி.மீ.; இருபது ரூபாயும் 27 மி.மீ.தான், ஆனால் பன்னிரண்டு பக்கம், பல் இல்லை. தனியாகப் பார்த்தால் அருமையான ஒழுங்கு. ஆனால் 2011 வரிசையின் இரண்டு ரூபாயும் 25 மி.மீ., ஐந்து ரூபாய் 23 மி.மீ.! அந்த இரண்டு ரூபாய்கூட அதற்கு முந்தைய ஒரு ரூபாயின் அளவில்தான் வந்தது. ஆகவே அகலத்தை மட்டும் நம்பக் கூடாது. 23 மி.மீ.யில் 4.07 கிராம் என்றால் புதிய இரண்டு ரூபாய், 6 கிராம் என்றால் பழைய ஐந்து, 9 கிராம் தடிமனாக விளிம்பில் பள்ளத்தோடு இருந்தால் 1992-ன் ஐந்து. ரிசர்வ் வங்கியின் ‘மணி’ செயலி நோட்டை அடையாளம் சொல்லும், காசுக்கு உதவாது.

விரலுக்கு எட்டாதது ஆண்டுக்குக் கீழே உள்ள அக்கசாலைக் குறி, அதாவது காசு எந்த ஆலையில் அச்சானது என்பதன் அடையாளம். வைரம் மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், புள்ளி நொய்டா, குறியே இல்லையென்றால் கொல்கத்தா. இதற்குப் பார்வையுள்ள ஒருவர் ஒரே ஒரு தடவை வேண்டும். கேட்டவுடன் பிரெயிலில் குறித்துவிட வேண்டும். காசை வைக்கும் 50 மி.மீ. உறையில் எட்டு எழுத்துதான் அடங்கும்: எண் குறி, நான்கு இலக்கம், ஓர் இடைவெளி, அக்கசாலையின் முதலெழுத்து, ஆக ஏழு. பிரெயிலில் ‘ஹ’வுக்கும் எட்டுக்கும் புள்ளிகள் ஒன்றே என்பதால், அந்த இடைவெளியை விட்டுவிட்டால் ‘ஹ’ எட்டாகிவிடும், 1985 ஹைதராபாத் 19858 ஆகும். சீட்டை உறையின் வெளியே ஒட்டுங்கள். பெட்டியில் நெருக்கித் திணித்தால் புள்ளிகள் அமுங்கிப்போகும்.

புளி, விபூதி, எலுமிச்சை எதையும் காசில் வைக்காதீர்கள். பளபளப்பு வரும், மேல்தோலும் சேகரிப்பு மதிப்பும் போகும். பி.வி.சி. பிளாஸ்டிக் உறை செம்பில் பச்சைப் பிசுக்கை விடும். பச்சை தெரியாவிட்டாலும் பிசுபிசுப்பு விரலில் தட்டும், தட்டியவுடன் உறையை மாற்றுங்கள். கையுறை வேண்டாம், போட்டால் விரலின் பார்வை போய்விடும். சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்த கை போதும். தொடாமல் காக்க வேண்டிய புதுக்காசுக்கு, அதே வகையில் தேய்ந்த காசு ஒன்றைத் தொடுவதற்கென்று இணை வையுங்கள்.

கண்காட்சி நடத்துவோருக்கு ஒரு வேண்டுகோள். கண்ணாடிப் பெட்டியின் முன் நின்று, கூட வந்தவர் விவரிப்பதைக் கேட்டுத் திரும்புவதற்குப் பெயர் கண்காட்சி அல்ல. நுழைவாயில் மேசையில் ஒரு தட்டு: ஓட்டைக் காலணா, ஓரணா, சதுர இரண்டணா, மூன்று பைசா, பதினொரு பக்க இரண்டு ரூபாய். எதுவும் அரிய காசு அல்ல, தேய்ந்ததே போதும். திருட்டுப் பயம் இருந்தால் ஓட்டைக் காலணாவையாவது நூலில் கோத்துக் கட்டிவிடலாம்.

இப்படிக்கு,
நாணயச் சேகரிப்பாளர், திருச்சி