குறட்டைக்கு நாக்குப் பயிற்சி: அளவையும் சேர்த்து அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘நாக்கை நீட்டி மடக்கினால் ஐந்தே நாளில் குறட்டை போகும்’ என்கிற துணுக்கு மாதத்துக்கு ஒருமுறையாவது ஏதாவது ஒரு பத்திரிகையில் கண்ணில் படுகிறது. வாட்ஸ்அப்பில் அதே துணுக்கு, ‘மெஷினைத் தூக்கிப் போடுங்கள்’ என்ற வாலோடு சுற்றுகிறது. மெஷின் என்பது தூக்கத்தில் மூச்சடைக்காமல் இருக்க முகத்தில் மாட்டிக்கொள்ளும் காற்றழுத்தக் கருவி. தொண்டைப் பயிற்சி ஏமாற்று வேலை அல்ல. முறையாகச் சோதித்துப் பார்த்த விஷயம்தான். ஆனால் எந்தப் பயிற்சி, எத்தனை முறை, எத்தனை மாதம், யாருக்கு என்பதை விட்டுவிட்டு எழுதுவது, மருந்தின் பெயரை மட்டும் எழுதி அளவை எழுதாத சீட்டு மாதிரி. பேச்சுக்கும் விழுங்குவதற்கும் பயிற்சி தருகிற தொழிலில் இருப்பவர்கள் என்பதால் அந்த அளவை எழுதி அனுப்புகிறோம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். குறட்டை வேறு, தூக்கத்தில் மூச்சடைப்பு வேறு. நாக்குக்குப் பின்னால் இருக்கும் தொண்டைக் குழாயை விறைப்பாக நிறுத்த எலும்பு வளையம் எதுவும் கிடையாது. விழித்திருக்கும்போது தசைகள்தான் அதைத் திறந்து பிடிக்கின்றன. தூங்கியதும் பிடி தளரும்; மல்லாந்து படுத்தால் நாக்கின் அடிப்பகுதி பின்னால் சரியும். வழி ஒடுங்கி, உள்நாக்கும் அதைச் சுற்றிய மெல்லண்ணமும் (மேல்வாயின் மெத்தென்ற பின்பகுதி) படபடத்தால் அது குறட்டை. வழியே ஒட்டிக்கொண்டாலோ வெகுவாக ஒடுங்கினாலோ அது மூச்சடைப்பு. ஒவ்வொரு அடைப்பும் குறைந்தது 10 விநாடி நீடிக்கும்; ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும்; மூளை உலுக்கி எழுப்பும்; ஒரு திணறலோடு மூச்சு திரும்பும். மணிக்கு 5 முதல் 15 முறை இப்படி நடந்தால் லேசான நோய், 15 முதல் 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. தூங்குகிறவருக்கு இதில் எதுவும் நினைவிருக்காது. பக்கத்தில் படுத்திருப்பவர்தான் சாட்சி.

பயிற்சிக்கு என்ன பலன்? பிரேசிலின் சாவோ பாவ்லோவில் நடந்த ஓர் ஆய்வு 2009இல் வெளியானது. நடுத்தர மூச்சடைப்பு உள்ள 31 பேரில் ஒரு பாதியினர் மூன்று மாதம், நாள்தோறும் அரை மணி நேரம் நாக்கு, தொண்டைப் பயிற்சி செய்தார்கள். அவர்களுக்கு மணிக்குச் சராசரி 22.4 ஆக இருந்த அடைப்பு 13.7க்கு இறங்கியது. உடல் எடையில் மாற்றமில்லை. கழுத்துச் சுற்றளவு கொஞ்சம் குறைந்தது. 13.7 என்பதும் நோய்தான் என்பதைக் கவனியுங்கள். நடுத்தரம் லேசானதாக மாறியது, அவ்வளவே. இன்னொரு பாதியினருக்குக் கொடுத்தது ஆழ்ந்து மூச்சிழுக்கும் பயிற்சி. அவர்களுக்குப் பலன் இல்லை. ‘பிராணாயாமம் செய்கிறேனே, அது போதாதா?’ என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். மூச்சுப் பயிற்சியால் வேறு நன்மை இருக்கலாம். நாக்கின் அடித்தசையை அது அசைப்பதில்லை.

அதே ஊரில் 2015இல் பயிற்சியைச் சுருக்கி, எட்டு நிமிடம் வீதம் நாளைக்கு மூன்று வேளை என்று வைத்து 39 பேரிடம் சோதித்தார்கள். மூன்று மாதத்தில் குறட்டை விடும் எண்ணிக்கை 36 சதவீதம் குறைந்தது. வீட்டில் செய்ய இந்தச் சுருக்க வடிவமே தோதானது. அதைத்தான் கீழே விவரிக்கிறோம்.

கண்ணாடி முன் நிமிர்ந்து உட்காருங்கள். வாயை இரண்டு விரல் அகலம் திறந்து, தாடையை அங்கேயே நிறுத்துங்கள். மேல் முன்பற்களுக்குப் பின்னால் நாக்கால் தடவினால் வரிவரியாக ஒரு மேடு தட்டுப்படும். நாக்கு நுனியை அங்கே அழுத்தி, அழுத்தத்தை விடாமல் அண்ணத்தோடு ஒட்டியபடியே பின்னால் இழுங்கள். ‘ண’ சொல்லும்போது நுனி போய்த் தொடும் இடத்தையும் தாண்டிப் போக வேண்டும். இது 20 முறை. அடுத்தது, முழு நாக்கையும் மேல்வாயில் ஒட்டி உறிஞ்சிப் பிடிப்பது. நாக்குக்கு அடியில் உள்ள நரம்பு போன்ற கயிறு இழுபட்டுத் தெரிந்தால் சரியாக ஒட்டியிருக்கிறது. இதுவும் 20. பிறகு நுனி கீழ்ப்பற்களின் உட்புறத்தைத் தொட்டிருக்க, நாக்கின் பின்பாதியை மட்டும் கீழே அழுத்துங்கள். டாக்டர் குச்சி வைத்து அழுத்துவாரே, அதைக் குச்சி இல்லாமல் நீங்களே செய்கிறீர்கள். இதற்கும் 20.

நான்காவதில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். ‘ஆ’ என்று விட்டுவிட்டு 20 முறை சொல்ல வேண்டும். ஒவ்வொரு முறையும் உள்நாக்கு மேலே ஏற வேண்டும். செல்போன் டார்ச்சை வாய்க்குள் அடித்துக் கண்ணாடியில் பாருங்கள். சத்தம் மட்டும் பெரிதாகி உள்நாக்கு அசையாமல் தொங்கினால் செய்தது வீண். இதற்கு ஒரு சோதனை உண்டு: ‘ஆ’ சொல்லிக்கொண்டே மூக்கைப் பொத்துங்கள். ஓசை மாறக் கூடாது. மாறினால் காற்று மூக்கு வழியாகக் கசிகிறது, அண்ணம் மூடவில்லை. பள்ளியில் படித்த ‘ங’ இதற்கு நேர் எதிர்; அதைச் சொல்லும்போது அண்ணம் கீழே இறங்கி அடிநாவைத் தொடும். ‘ஆங் ஆங்’ என்று பயிற்சி செய்பவர்கள் ஒவ்வொரு முறையும் ஏற்றியதை இறக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

ஐந்தாவது கன்னத்துக்கு. கையைக் கழுவி, நகத்தை வெட்டி, ஒரு விரலை வாய்க்குள் விட்டுக் கன்னத்தை வெளியே தள்ளுங்கள். கன்னம் விரலை உள்ளே தள்ளி எதிர்க்க வேண்டும். பக்கத்துக்குப் பத்து. ஆறாவதுக்குத் தனி நேரம் தேவையில்லை, சாப்பாட்டு வேளையிலேயே முடியும். மரச்சீனிக் கிழங்கோ சோறோ, வலமும் இடமும் மாற்றி மெல்லுங்கள். விழுங்கும்போது நாக்கு அண்ணத்தில் ஏறட்டும், உதடு இறுகக் கூடாது. உதட்டைச் சுருக்கி, நாக்கால் முன்பல்லை முட்டி விழுங்குகிற பழக்கம் பலருக்கு உண்டு. அதைத் திருத்துவதற்குத்தான் இது.

தாடை சேர்ந்து ஆடுவதுதான் பொதுவான தப்பு. தாடை ஆடினால் வேலையை அது வாங்கிக்கொள்ளும், நாக்கு சும்மா இருக்கும். முகவாய்க்கு அடியில், எலும்புக்குச் சற்றுப் பின்னால் உள்ள மெத்தென்ற குழியில் கட்டைவிரலை வையுங்கள். முதல் இரண்டு பயிற்சியிலும் அந்த இடம் விரலுக்கடியில் கல்லாக வேண்டும். காதுக்கு முன்னால் வலித்தாலோ ‘டக்’ என்று சத்தம் கேட்டாலோ ஆர்வத்தில் வாயை அதிகம் திறக்கிறீர்கள். இரண்டு நாள் நிறுத்திவிட்டுப் பாதி எண்ணிக்கையில் தொடங்குங்கள். சாப்பிட்ட உடனே செய்தால் ஓங்கரிக்கும். நாக்கை எவ்வளவு முயன்றும் மேலே ஒட்ட முடியாதவர்களுக்கு நாக்குக்கு அடியில் உள்ள அந்தக் கயிறு குட்டையாக இருக்கக்கூடும், மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது.

டிட்ஜெரிடூ என்ற ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் ஊதுகுழலை வைத்தும் ஓர் ஆய்வு உண்டு. 2006இல் வெளிவந்த அந்தச் சுவிட்சர்லாந்து ஆய்வில், நான்கு மாதம் ஊதியவர்களுக்குப் பகல் தூக்கமும் அடைப்பும் குறைந்தன. 2017இல் இக் நோபல் பரிசும் கிடைத்தது. சிரிக்க வைத்து, பிறகு சிந்திக்க வைக்கும் ஆய்வுக்கான பரிசு அது. ‘அப்படியானால் நாதஸ்வரம்?’ என்று கேள்வி வரும். சுசீந்திரம் தேரோட்டத்தில் நாம் பார்ப்பது உப்பிய கன்னத்தை. தொண்டைத் தசை எவ்வளவு வேலை செய்கிறது என்பது அதில் தெரியாது; அந்த ஆய்வு நாதஸ்வரத்தைச் சோதிக்கவும் இல்லை. ஒரு கருவியின் பலனை இன்னொன்றின் கணக்கில் எழுத வேண்டாம்.

யாருக்கு இது மட்டும் போதாது என்பதையும் எழுத வேண்டும். மணிக்கு 30க்கு மேல் அடைப்பு உள்ளவர்கள், மூக்கடைப்போ மூக்குத் தண்டு வளைவோ உள்ளவர்கள், மிகப் பருமனானவர்கள் இதைத் தனி வைத்தியமாக எடுக்கக் கூடாது. குழந்தை வாயைத் திறந்து தூங்கிக் குறட்டை விட்டால் முதலில் டான்சிலையும் மூக்குக்குப் பின்னால் உள்ள அடினாய்டு சதையையும் பார்க்க வேண்டும். குடியும் தூக்க மாத்திரையும் தொண்டைத் தசையைத் தளர்த்துபவை. காலையிலும் மதியமும் பயிற்சி செய்துவிட்டு இரவில் குடித்தால் கணக்கு நேராகிவிடும். மல்லாந்து படுத்தால்தான் அடைக்கிறது என்பவர்கள் பனியனின் முதுகுப் பக்கம் சிறு பை தைத்து ஒரு டென்னிஸ் பந்தைப் போட்டுக்கொள்ளலாம். புரண்டால் உறுத்தும், தானாக ஒருக்களிப்பார்கள்.

நம் குமரி மாவட்டத்தில் இந்த நோய் ஒளிந்துகொள்ள நல்ல இடம் இருக்கிறது. ரப்பர் பால்வெட்டுக்கு விடியுமுன் எழுகிறவரும் இரவு வண்டி ஓட்டுகிறவரும் பகலில் கண் சொக்கினால் ‘தூக்கம் போதவில்லை’ என்று விட்டுவிடுகிறார்கள். வித்தியாசம் விடுமுறை நாளில் தெரியும். தொடர்ந்து சில நாள் எட்டு மணி நேரம் தூங்கியும் உட்கார்ந்த இடத்தில் தலை சாய்ந்தால், காலையில் தலைவலித்தால், மருந்து கூட்டியும் ரத்த அழுத்தம் இறங்காவிட்டால், கழுத்துச் சுற்றளவு 40 சென்டிமீட்டரைத் தாண்டினால் தூக்கப் பரிசோதனை, அதாவது தூங்கும்போது மூச்சையும் ஆக்சிஜனையும் அளக்கும் சோதனை, தேவையா என்று மருத்துவரைக் கேளுங்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டித் தொடங்கலாம். கொரோனா காலத்தில் வாங்கிய விரல் ஆக்சிமீட்டரை விழித்திருக்கும்போது மாட்டி ‘98 காட்டுகிறது’ என்று நிம்மதியடைவதில் பொருளில்லை, இறங்குவது தூக்கத்தில். வண்டி ஓட்டும்போது ஒருமுறையாவது கண் அயர்ந்தவர், மூன்று மாதப் பயிற்சி பலன் தரும் வரை ஸ்டியரிங்கைப் பிடிக்கலாம் என்று எண்ணக் கூடாது.

காற்றழுத்த மெஷின், அதாவது சிபாப், நடுத்தரத்துக்கும் கடுமைக்கும் இன்றும் முதல் வைத்தியம். அதைக் கைவிடச் சொல்பவர்கள் மின்வெட்டைக் காரணம் காட்டுகிறார்கள். மழைக்காலத்தில் அது நிஜமான சிக்கல்தான். 2017 நவம்பர் 30இல் ஒக்கி புயல் அடித்தபின் எத்தனை நாள் இருட்டில் கிடந்தோம் என்பது ஊரறிந்தது. அதற்கு வழி, வீட்டு இன்வெர்ட்டரில் மெஷினை இணைப்பதும், கரண்ட் இல்லாத இரவில் நீரைச் சூடாக்கும் ஈரப்பதப் பகுதியை அணைத்துவைப்பதும். அதிக மின்சாரம் குடிப்பது அந்தப் பகுதிதான். அணைத்தால் பேட்டரி கூடுதல் நேரம் வரும். பயிற்சியை மெஷினோடு சேர்த்தே செய்யலாம், ஒன்றுக்கொன்று தடையில்லை.

மூன்று மாதம் முடிந்ததும் ‘சத்தம் குறைஞ்சிருக்கு’ என்ற வீட்டுக்காரரின் சொல்லோடு நிறுத்தாமல் மறுபடி தூக்கப் பரிசோதனை செய்ய வேண்டும். குறட்டை அடங்கியும் அடைப்பு அப்படியே இருக்கலாம். மெஷினின் அழுத்தத்தைக் குறைப்பதா, நிறுத்துவதா என்பதை அந்த எண்ணைப் பார்த்து மருத்துவர் சொல்லட்டும். அடுத்த முறை இப்படியொரு குறிப்பை வெளியிடும்போது, ‘20 முறை, மூன்று வேளை, மூன்று மாதம், பிறகு பரிசோதனை’ என்ற ஒரு வரியையும் சேர்க்க இடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
பேச்சு, விழுங்கல் பயிற்சியாளர்கள் சிலர்,
நாகர்கோவில்.