பாட்டிலில் ‘0.1 நார்மல்’ என்று மட்டும் எழுதினால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பிளஸ் டூ செய்முறைத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் என் பேத்தியிடம் போன வாரம் ஒரு கணக்குக் கேட்டேன். 20 மில்லி 0.1 மோலார் கந்தக அமிலத்தை நடுநிலையாக்க 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு எவ்வளவு வேண்டும்? (ஒரு லிட்டரில் எத்தனை மோல் பொருள் கரைந்திருக்கிறது என்பதுதான் மோலார்.) "ரெண்டும் 0.1 தானே அம்மாச்சி, 20 மில்லி" என்றாள். சரியான விடை 40. கந்தக அமில மூலக்கூறு ஒன்று இரண்டு ஹைட்ரஜன் அயனிகளைத் தரும். ஒரு சோடியம் ஹைட்ராக்சைடு ஒன்றைத்தான் ஏற்கும். ‘வி1 என்1 = வி2 என்2’ அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். ‘வி’ என்பது கரைசலின் கன அளவு, ‘என்’ என்பது நார்மல் கணக்கிலான செறிவு. அந்த ‘என்’ எதை எண்ணுகிறது என்றுதான் தெரியவில்லை. மோலார் மூலக்கூறுகளை எண்ணும்; நார்மல், அவை வினையில் தரும் அல்லது ஏற்கும் ஹைட்ரஜன் அயனிகளையோ எலக்ட்ரான்களையோ எண்ணும்.

குழந்தையை நான் குறை சொல்ல மாட்டேன். நான் வேலை பார்த்த தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்திலேயே இது நடந்திருக்கிறது. தண்ணீரின் காரத்தன்மை (அமிலத்தை நடுநிலையாக்கும் திறன்) பார்க்க 50-ல் ஒரு பங்கு, அதாவது 0.02 நார்மல் கந்தக அமிலம் வைத்திருப்போம். லிட்டருக்கு 0.98 கிராம் அமிலம். புதிதாக வந்த பையன் அதை 0.02 மோலார் என்று எடுத்துக்கொண்டு, 1.96 கிராம் கணக்கில் தயாரித்துவிட்டான். அமிலம் இரண்டு மடங்கு வலுவாகிவிட்டது. 100 மில்லி தண்ணீருக்கு 24 மில்லி அமிலம் இறங்க வேண்டிய பியூரெட்டில் (அளவுக் கோடுகள் போட்ட கண்ணாடிக் குழாய்) 12 மில்லியிலேயே, வினை முடிந்ததைக் காட்டும் மெத்தில் ஆரஞ்சு நிறம் மாறிவிட்டது. லிட்டருக்கு 240 மில்லிகிராம் என்று போக வேண்டிய அறிக்கை 120 என்று தயாரானது. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் ஏற்கத்தக்க அளவு 200. வரம்பைத் தாண்டிய தண்ணீர், தாளில் நல்ல தண்ணீராகிவிட்டது! அதே ஆழ்துளைக் கிணற்றின் பழைய பதிவேட்டைப் புரட்டிப் பார்த்ததால்தான் பிடிபட்டது.

ஏன் 50-ல் ஒரு பங்கு என்று அந்தப் பையனுக்கு யாரும் சொல்லவில்லை. காரத்தன்மையைக் கால்சியம் கார்பனேட்டாகக் கணக்கிடுகிறோம். அதன் சமான எடை, அதாவது ஒரு மோல் ஹைட்ரஜன் அயனிக்கு ஈடாகும் கிராம் எடை, 50. அதனால் இந்த அமிலம் ஒரு மில்லி இறங்கினால் நேராக ஒரு மில்லிகிராம் கால்சியம் கார்பனேட். பால் பண்ணைகளில் 9-ல் ஒரு பங்கு நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு வைத்திருப்பதும் இப்படித்தான். லாக்டிக் அமிலத்தின் சமான எடை 90 என்பதால், ஒரு மில்லி இறங்கினால் 0.01 கிராம் லாக்டிக் அமிலம். எவ்வளவு அழகான ஏற்பாடு! இதைச் சொல்லிக் கொடுத்தால் எந்தப் பிள்ளைக்கு மறக்கும்?

பொட்டாசியம் பெர்மாங்கனேட்டில் இன்னும் கவனம் வேண்டும். லிட்டருக்கு 3.16 கிராம் கரைத்த கரைசல் அமில ஊடகத்தில் 0.1 நார்மல். அங்கே அது ஐந்து எலக்ட்ரான்களை வாங்குகிறது. நடுநிலை ஊடகத்தில் மூன்றுதான், ஆகவே அதே பாட்டில் அங்கே 0.06 நார்மல். மோலாரிட்டி இரண்டிலும் 0.02 தான். பாட்டிலில் வெறுமனே ‘0.1 நார்மல்’ என்று ஒட்டினால் பாதி விஷயம்தான் சொன்னதாகும்.

பள்ளி வேதியியல் ஆசிரியர்களிடம் இரண்டு கோரிக்கைகள். ஆய்வகப் பாட்டில் ஒவ்வொன்றிலும் லிட்டருக்கு எத்தனை கிராம், எத்தனை மோலார், எந்த வினைக்கு எத்தனை நார்மல் என்று மூன்றையும் எழுதி ஒட்டுங்கள். அப்புறம், ஆண்டுக்கு ஒரு முறையாவது திட்டக் கரைசலை (செறிவு துல்லியமாகத் தெரிந்த கரைசல்) மாணவர்களே தயாரிக்கட்டும். படிக ஆக்சாலிக் அமிலம் 1.575 கிராம் நிறுத்து 250 மில்லி குடுவையில் கரைத்தால் 0.1 நார்மல் வரும். சோடியம் ஹைட்ராக்சைடை அப்படி நிறுத்து நம்ப முடியாது. தராசுத் தட்டில் இருக்கும்போதே காற்றின் ஈரத்தை இழுக்கும். அதன் செறிவை இந்த ஆக்சாலிக் அமிலத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். என் பேத்தி இதுவரை தராசையே தொட்டதில்லையாம். கரைசலெல்லாம் தயாராக மேசைக்கு வந்துவிடுகிறது என்கிறாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக வேதியியலர்,
விருதுநகர்.