அஷ்டமி நிலா

மதுரை
4.2.2026

அன்புள்ள ராசு,

உன் கடிதமும் தைப்பூசத்தன்று நீ எடுத்த நிலாப் படமும் வந்து சேர்ந்தன. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனசு ஆறியது. இங்கே எல்லாரும் சுகம். சின்னவளுக்குப் பங்குனியில் வளைகாப்பு, நீ குடும்பத்தோடு வர வேண்டும்.

சரி, படத்துக்கு வருகிறேன். புது 300 எம்எம் லென்ஸில் எடுத்தும் நிலா இட்லி மாதிரி வெள்ளையாக வந்துவிட்டது, லென்ஸ் கோளாறா என்று கேட்டிருக்கிறாய். லென்ஸில் ஒரு குறையும் இல்லை. சுற்றிலும் இருட்டைப் பார்த்த கேமராவின் ஒளி மீட்டர், வெளிச்சம் போதாது என்று நினைத்துக்கொண்டது. நிலாவோ பட்டப்பகல் வெயிலில் கிடக்கும் பாறை. கேமராவை மேனுவலில் வைத்து, லென்ஸின் துளை எஃப் 11, ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 100 என்றால் ஷட்டர் 1/100 செகண்ட். ஐஎஸ்ஓ 200 என்றால் 1/200. பௌர்ணமிக்கு இது போதும். பிறை மெலிய மெலிய வெளிச்சத்தைக் கூட்டிக்கொள்.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. நீ எடுத்த நாள்தான் சரியில்லை. பௌர்ணமியன்று சூரியன் நம் முதுகுப் பக்கமிருந்து அடிக்கிறது, நிலாவில் நிழலே விழாது. நிழல் இல்லையென்றால் மேடு ஏது, பள்ளம் ஏது? வளர்பிறை அஷ்டமிக்கு எடுத்துப் பார். நல்ல காரியத்துக்கு ஆகாது என்று ஊரே ஒதுக்கும் அந்த நாள்தான் நமக்கு முகூர்த்தம். வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் கோட்டில் அப்போதுதான் பொழுது விடிகிறது. சாய்ந்த வெயிலில் ஒவ்வொரு குழியின் விளிம்பும் நீள நிழல் போடும். போன மாதம் அப்படி எடுத்த படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு பெரிய குழிக்குள் முழுக்க மை கொட்டியது போல இருட்டு. எதிர்ச் சுவரின் உச்சியில் மட்டும் வெயில் பட்டு நூல் மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. அதைப் பார்த்துவிட்டு வெகு நேரம் எழுந்திருக்கவே மனசு வரவில்லை.

தெற்கே பளிச்சென்று தெரிகிற மேட்டு நிலத்துப் பாறைக்கு அனார்தோசைட் என்று பெயர். அதே வகைப் பாறை நம் நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டியில் இருக்கிறது. சந்திரயானைச் சோதித்துப் பார்க்க இஸ்ரோ நிலவு மண் தயாரித்தது அந்தப் பாறையைப் பொடித்துத்தான்.

அளவுக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். லென்ஸின் எம்எம்மை 110-ஆல் வகுத்தால் சென்சாரில் விழும் நிலாவின் குறுக்களவு கிடைக்கும். உன் 300-க்கு 2.7 எம்எம், என் 600-க்கு 5.5. நாம் இரண்டு பேரும் காசு போட்டு வாங்கிய ஜெனித் ஃபிலிம் கேமராவில் 58 எம்எம் லென்ஸ்தானே? அதில் அரை எம்எம். நெகட்டிவில் நிலாவைத் தூசி என்று நினைத்து நீ துடைத்தது நினைவிருக்கிறதா?

மொட்டைமாடியில் நின்று எடுக்காதே. பகலெல்லாம் வாங்கிய சூட்டைத் தளம் ராத்திரி வெளியே விடும், நிலாவின் விளிம்பு கானல் மாதிரி நெளியும். கொல்லையில் மண் தரை நல்லது. ட்ரைபாடில் வைத்ததும் லென்ஸின் ஆட்டம் குறைக்கும் ஸ்டெபிலைசரை அணைத்துவிடு. இரண்டு செகண்ட் டைமரில் எடு, விரல் பட்ட ஆட்டம் அடங்கிவிடும்.

வியாழன் இப்போது மிதுனத்தில், ராத்திரி பத்தரை மணிக்கெல்லாம் ஏறக்குறைய தலைக்கு மேலே நிற்கிறது. ஐஎஸ்ஓ 1600, கால் செகண்ட் வைத்தால் பக்கத்தில் வரிசையாகப் புள்ளிகள் விழும். 1610-ல் கலிலியோ கண்ட நான்கு நிலவுகள் அவைதான். மறுநாள் எடு, இடம் மாறியிருக்கும். சனியின் வளையத்தை மட்டும் நம் லென்ஸில் எதிர்பார்க்காதே, நீள்வட்டமாக ஒரு பொட்டுத்தான் வரும்.

போன செப்டம்பர் 7 கிரகணத்தில் நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். நிலா முழுக்க மூடி செப்பு நிறமானதும் ஒரு செகண்ட் வைத்தேன். எல்லாப் படமும் இழுபட்டுப் போயின. 600-இல் ஒரு செகண்டுக்குள் நிலா பத்துப் பிக்சல் நகர்ந்துவிடுகிறது. அப்புறம் ஐஎஸ்ஓவை 6400-க்கு ஏற்றிக் கால் செகண்டில் எடுத்தேன். கொஞ்சம் மணல் மணலாக இருந்தாலும் இரண்டு படம் தேறின.

மார்ச் 3 மாசிப் பௌர்ணமி. அன்றைக்கும் கிரகணம். முழு மறைப்பு நம் பகலிலேயே முடிந்துவிடும், ஆனால் உங்கள் நாகப்பட்டினம் கடலிலிருந்து நிலா எழும்போது ஒரு பக்கம் கடிபட்டபடியே எழும். 6.47 வரைக்கும்தான், அரைமணி நேரம்கூடக் கிடைக்காது. அதற்கு முன்னால் பிப்ரவரி 24 அஷ்டமிக்கு நீ ஒரு படம் எடுத்து அனுப்பு. நான் 2-ஆம் தேதி ராத்திரியே அங்கே வந்துவிடுகிறேன். கிழக்கே விளக்குக் கம்பம் மறைக்காத ஒரு கரையைப் பார்த்து வை.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
சேகர்