ஜாவா பயம்: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். எங்கள் பில்லிங் மென்பொருளைத் திறந்தால் வைரஸ் ஏறுகிறது என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றிக்கொண்டிருக்கிறது. உங்களில் பலர் போன் செய்து கேட்டீர்கள். எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே சொல்லிவிடுகிறோம்.

எங்கள் மென்பொருளில் வைரஸ் கிடையாது. அதன் பழைய பதிப்பு பிரவுசருக்குள் ஓடுவதற்கு ஜாவா பிளக்-இன் வேண்டும், அதாவது ஜாவா என்ற நிரல்மொழியில் எழுதியதை பிரவுசருக்குள் ஓட்டும் துணை மென்பொருள். சிக்கல் அந்தப் பிளக்-இன்னில்தான். இணையத்திலிருந்து இறங்கும் ஆப்லெட் (பிரவுசருக்குள் ஓடும் சிறு ஜாவா நிரல், எங்கள் மென்பொருளும் அப்படித்தான்) உங்கள் கோப்புகளைத் தொடாதபடி ஜாவா அதை ஒரு வேலிக்குள் வைக்கிறது. அந்த வேலியில் அடிக்கடி ஓட்டை விழுந்தது. 2013 ஜனவரியில், பிரவுசரில் ஜாவாவை அணைத்துவிடும்படி அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையே அறிவுறுத்தியது. எங்களுக்காக நீங்கள் பிளக்-இன்னை வைத்திருக்கும்போது, வேறொரு மோசமான தளம் அதன் வழியாக உள்ளே வர முடியும். அப்படி வந்ததற்கு எங்கள் பெயரைச் சொல்வதுதான் மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. எங்கள் ஆப்லெட் டிஜிட்டல் கையொப்பம் இட்டது. 'ரன்' அழுத்தும் முன் வரும் பெட்டியிலேயே எங்கள் நிறுவனப் பெயர் இருக்கும், பார்த்திருப்பீர்கள். வேலிக்கு வெளியே வர அது அனுமதி கேட்பது உண்மைதான். ஆனால் அது பில் பிரிண்டருக்காக மட்டும்.

மெதுவாக இருக்கிறது என்ற புகாரும் நியாயமானதே. காலையில் முதல் தடவை திறக்கும்போது காபிக் கோப்பைச் சின்னம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஜாவா இயந்திரம் கிளம்ப வேண்டும், நிரல் இறங்க வேண்டும், கையொப்பத்தைச் சரிபார்க்க வேண்டும். கிளம்பிவிட்டால் அப்புறம் வேகம்தான்.

குரோம் 2015-லும் ஃபயர்ஃபாக்ஸ் 2017-லும் இந்தப் பிளக்-இன்னைக் கைவிட்டன. 2018-இல் வந்த ஜாவா 11-இல் ஜாவாவை வெளியிடும் ஆரக்கிள் நிறுவனமே அதை நீக்கிவிட்டது. அதற்குப் பிறகும் பழைய ஜாவா 8-ஐ வைத்துக்கொண்டு, எட்ஜ் பிரவுசரை பழைய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் போல இயக்கும் ஐஇ மோடில் எங்கள் மென்பொருளை ஓட்டி வந்தீர்கள். அந்தப் பொறுமைக்கு மனமார்ந்த நன்றி.

புதிய பதிப்பு தயார். பிளக்-இன் தேவையில்லை, எந்த பிரவுசரிலும் திறக்கும். பில் அடிக்கும்போது மட்டும் ஒவ்வொரு முறையும் பிரிண்ட் பெட்டி வரும்.

மாறியதும் கன்ட்ரோல் பேனலில் பழைய ஜாவா பதிப்புகள் கிடந்தால் நீக்கிவிடுங்கள். வேறு மென்பொருளுக்கு ஜாவா வேண்டுமென்றால், ஜாவாவின் செட்டிங்கில் பிரவுசருக்கான அனுமதியை மட்டும் எடுத்தால் போதும். ஜாவாஸ்கிரிப்டை அணைத்துவிடாதீர்கள், அது வேறு, புதிய பதிப்புக்கு அது வேண்டும். சந்தேகம் இருந்தால் வழக்கமான எண்ணிலேயே கூப்பிடுங்கள், கூடவே இருந்து மாற்றித் தருகிறோம்.

அன்புடன்,
நிர்வாகம்