மொட்டமாடி மட்டும் பத்தாது, ஊருக்கு வெளிய கரண்ட் எடுக்குற காத்தாடியையும் கணக்குல சேருங்க

ஆசிரியருக்கு வணக்கம்,

ஞாயித்துக்கிழமை பேப்பரை பிரிச்சா பாதி ஃபிளாட் விளம்பரம்தான், எல்லாத்துலயும் 'கிரீன் பில்டிங்'னு ஒரு இலை படம் வேற. கரண்ட் எங்கேருந்து வரும்னு கேட்டா பில்டர் மொட்டமாடி சோலார காட்டுறாரு.

சரி, கணக்கு போட்டு பாப்போம். பத்து மாடி, 40 வீடு, மொட்டமாடி 5,000 சதுர அடின்னு வைங்க. வாட்டர் டேங்க், லிஃப்ட் ரூம், அதுங்களோட நிழல், துணி காயப்போடுற எடம் (இதுல கைவச்சா அசோசியேஷன்ல சண்டைதான்) எல்லாம் போக பாதி மிஞ்சுனாலே பெருசு. ஒரு கிலோவாட் சோலாருக்கு சுமாரா 100 சதுர அடி வேணும், ஆக 25 கிலோவாட், நம்ம வெயிலுக்கு கிலோவாட்டுக்கு தினம் 4 யூனிட்னு போட்டா மொத்தம் 100 யூனிட். லிஃப்ட், மோட்டார், வராண்டா லைட்டுக்கே அதுல முக்காவாசி போயிடும். வீட்டுக்கு 10 யூனிட்னா 40 வீட்டுக்கு தினம் 400 யூனிட் வேணுமே?

பசுமை கட்டடத்துக்கு மார்க் போட்டு குடுக்குற லீட் (LEED) சான்றிதழ்ல இதுக்கு வழி இருக்கு, யாரும் பேசுறதில்ல. அதோட நாலாவது பதிப்புலயே, வெளிய இருக்குற சோலார், காத்தாடி மாதிரி பொது மின் உற்பத்தில பங்கு சொந்தமா இருந்தாலோ, குறைஞ்சது 10 வருஷ லீஸ்ல இருந்தாலோ அதையும் கட்டடத்தோட உற்பத்தியா எடுத்துக்குறாங்க, ஒரே கண்டிஷன் ரெண்டும் ஒரே மின் நிறுவனத்தோட ஏரியாவுல இருக்கணும். நமக்கு மாநிலம் முழுக்க ஒரே ஈபிதானே! அப்போ சென்னை வீட்டுக்கு உடுமலை காத்தாடி செல்லும். 4.1 பதிப்புல மாடி கரண்டையும் வெளி கரண்டையும் ஒரே மார்க் கணக்குலயே சேத்துட்டாங்க. ஆடி மாசம் சாயங்காலம் சோலார் படுத்துரும், காத்து அப்பதான் பிச்சுகிட்டு அடிக்கும், அதனால ரெண்டும் சேந்தா நமக்கு ரொம்ப தோதான ஜோடி.

இது நடக்குமான்னு கேக்குறவங்க மேட்டுப்பாளையம் பக்கம் ஓடந்துறை ஊராட்சிய பாருங்க. 2006லயே பேங்க் லோன் போட்டு 350 கிலோவாட் காத்தாடி வாங்குனாங்க, நிக்கிறது உடுமலை பக்கம், கணக்கு ஓடந்துறைக்கு. கோயம்புத்தூர் மில்லுங்களும் மின் நிலையத்துல 26 சதவீதம் பங்கு, அதோட கரண்டுல 51 சதவீதம் சொந்த உபயோகம்னு, பல பேர் சேந்து நடத்துற குரூப் கேப்டிவ் முறைல வருஷக்கணக்கா பண்றாங்க. குடியிருப்போருக்கு தோதா வெளி சோலார் யூனிட்டை அவங்கவங்க பில்லுல கழிக்கிற விர்ச்சுவல் நெட் மீட்டரிங்குக்கு டெல்லி மாநிலத்துல 2019லயே விதி போட்டாச்சு. மத்திய அரசோட மாடி சோலார் திட்டமான சூர்யா கர்ல அசோசியேஷனுக்கு கிலோவாட்டுக்கு 18,000 ரூபா மானியம் வருது, ஆனா அது பொது வசதிக்கு மட்டும்தான். இங்க மில்லு முதலாளிக்கு சுலபமா கிடைக்குறது ரெண்டு பெட்ரூம் வீட்டுக்காரனுக்கும் கிடைக்கணும்.

என் பயமெல்லாம் வேற. பில்டர் வெளி கரண்டுக்கு ஒரு ஒப்பந்தம் போட்டு மார்க்கை வாங்கி, வீட்டையெல்லாம் வித்து கிளம்பிடுவாரு, அப்புறம் வர்ற வருஷமெல்லாம் யாரு காசு கட்டுறது? பங்கு அசோசியேஷன் பேருக்கு மாறுமா, இல்ல அவர்கிட்டயே இருக்குமா? அது பசுமை கரண்ட்னு சொல்ற சான்றை அவரு வேற கம்பெனிக்கு வித்துட்டா நம்ம கட்டடம் எந்த கணக்குல பச்சை? டிஎன்ரெரால (தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) ப்ராஜெக்ட் பதியும்போதே மாடில எத்தன யூனிட், வெளிய எத்தன யூனிட், ஒப்பந்தம் யார் பேர்ல எத்தன வருஷத்துக்கு, சான்று யாருக்குன்னு எழுதி வாங்கிடுங்க, வீடு வாங்குறவங்க பாத்துட்டு முடிவு பண்ணிக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு ஃபிளாட்வாசி, பெரும்பாக்கம்