அந்த ஆடியோவைக் கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும்: காரைக்குடியிலிருந்து ஒரு மடல்

எல்லாருக்கும் வணக்கம்.

நம்ம கடையில் கையால் செய்கிற ஆத்தங்குடி சிமெண்டுத் தரைக்கல் எடுத்தவர்கள், ஆக்சைடு பொடியும் மண்தொட்டியும் வாங்கிப்போகிறவர்கள், கடைப்பக்கமே வராமல் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருந்துகொண்டு வீடியோ பார்த்துக் கேள்வி கேட்கிறவர்கள், எல்லாருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். பத்து நாளாக வாட்ஸப்பில் ஒரு ஆடியோ சுற்றுகிறது. என் மச்சினனே அதை எனக்கு அனுப்பி, "இது நம்ம கடையைத்தான் சொல்றாங்களா அத்தான்?" என்று கேட்டான். அப்புறம் எப்படிச் சும்மா இருப்பது?

ஆத்தங்குடி கல் என்று நம்பி வாங்கினோம், மூன்றே மாதத்தில் வெளுத்துப்போச்சு, குஜராத்தில் இருக்கிற மோர்பியிலிருந்து, ஆலையில் டிசைன் அச்சடித்த பிரிண்ட் கல்லை இறக்கி ஏமாற்றுகிறார்கள் என்கிறது ஆடியோ. வெளுத்தது உண்மை, நேரில் போய்ப் பார்த்தேன். ஆனால் பிரிண்ட் கல் என்று ஒரு வார்த்தை சொன்னார்கள் பாருங்கள், அதுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது.

அந்த வீட்டு வளவில், அதாவது உள்முற்றத்துப் பக்கம், குனிந்து விரலால் தடவிப் பார்த்தேன். கல் உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று இருந்தது. சிவப்பு, செங்கல் பொடி தூவின நிறத்துக்கு வந்துவிட்டது. ஓரத்தில் ஒரு மர பீரோ. அதை நகர்த்தச் சொன்னேன். அடியில் இருந்த நாலு கல்லும் நான் கொடுத்த அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே, முகம் பார்க்கலாம் போலப் பளபளவென்று. கல் போட்ட கொத்தனார் கடைசி நாள் சிமெண்டுக் கறை போக ஆசிட் ஊற்றிக் கழுவியிருக்கிறார். பீரோ அதற்கு முன்பே வந்து இறங்கிவிட்டதால் அந்த நாலு கல் மட்டும் தப்பித்தது.

இப்போது கேளுங்கள். பிரிண்ட் கல் என்பது சூளையில் வெந்து, மேலே கண்ணாடிப் பூச்சு ஏறிய கல். வீட்டில் புழங்குகிற ஆசிட்டுக்கு அது லேசில் அசையாது. நம்ம கல் நெருப்பையே பார்த்தது கிடையாது. கண்ணாடித் தகட்டின்மேல் அச்சை வைத்து, அதன் ஒவ்வொரு அறையிலும் கலர் சிமெண்டுக் குழம்பை ஊற்றி, அச்சைத் தூக்கிவிட்டு, உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, அதற்குமேல் கலவையைப் போட்டு மட்டம் தட்டி, நாள்கணக்கில் தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து எடுக்கிற கல். பளபளப்பு அந்தக் கண்ணாடி கொடுத்தது. கலர் மேலே சில மில்லிமீட்டர்தான், அதுவும் சிமெண்டுதான். சிமெண்டில் இருக்கிற சுண்ணாம்பை ஆசிட் தின்றுவிடும். தின்றது என்றால் இது கைக்கல்தான், பிரிண்ட் இல்லை. இதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும்? அந்த வீட்டுக்காரரிடமும் இதைத்தான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, சரி, அவர் கஷ்டம் அவருக்கு.

இன்னொன்றையும் இதோடு போட்டுக் குழப்புகிறார்கள். புதுசாகப் போட்ட தரையில் வெள்ளையாகப் பூத்து நிற்பது வெளுப்பு அல்ல. கலவையின் ஈரத்தோடு சுண்ணாம்பு மேலே வந்து, காற்றுப் பட்டு வெள்ளையாக உறைகிறது. உப்புப் பூத்திருக்கிறது என்று நம்மூரில் சொல்வோமே, அதுதான். கல் நன்றாகக் காயக் காய, தினமும் துணி போட்டுத் துடைக்கத் துடைக்கப் பெரும்பாலும் அடங்கிவிடும். பொறுக்க முடியாமல் அதற்கும் ஆசிட் எடுத்தால், மேலே சொன்ன கதைதான்.

சிமெண்டுக் கறையை அது காய்வதற்குள் ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும். காய்ந்துபோனால் தண்ணீர் விட்டு ஊறவைத்து மரச்சில்லால் மெதுவாகச் சுரண்டலாம். ஆசிட், எலுமிச்சை, வினிகர் எதுவும் கூடாது. வீடியோவுக்கு வந்த ஒரு கேள்விக்கு எங்கள் பக்கத்திலிருந்து போன பதிலில் என்ன கல் என்று கேட்காமலே ஆசிட் என்று எழுதியிருந்ததாகச் சொன்னார்கள், அதை எடுத்துவிட்டோம்.

அந்த வீட்டுக்கு வேண்டிய கல்லைப் பாதி விலைக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். இதைக் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நம்ம கல் போட்ட வீட்டில் ஒரு மனிதர் தினமும் தரையைப் பார்த்துப் பெருமூச்சு விடுவது எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

கேள்விகளுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்த தம்பி தையில் சிங்கப்பூர் போய்விட்டான். நல்ல பையன், நல்ல சம்பளம், நான் எந்த வாயால் வேண்டாம் என்பேன்? இனி பதில் எழுதுவது நான்தான், அதுவும் ராத்திரி கடை கட்டிய பிறகு. அதனால் தாமதமாகும். "ஹலோ", "இருக்கீங்களா" என்று மட்டும் அனுப்பாமல் ஒரு போட்டோவோடு கேள்வியை முழுசாக எழுதுங்கள். தரை உள்ளேயா வெளியேயா, போட்டு எத்தனை நாள், எதை ஊற்றித் துடைக்கிறீர்கள், இந்த மூன்றும் இருந்தால் போதும்.

தேங்கிக்கிடந்ததில் அதிகம் பேர் கேட்டதற்கு இங்கேயே சொல்லிவிடுகிறேன். மிஞ்சின கல்லைத் தோட்டத்து நடைபாதைக்குப் போடலாமா? போடாதீர்கள். மழையில் பாசி பிடித்து வழுக்கும், வெயிலில் சில கலர் மங்கும். உடைந்த துண்டுகளைத் தொட்டிமேல் ஒட்டி நிழலில் வையுங்கள், அழகாக இருக்கும். முகப்பில் ஆத்தங்குடி கல் போட்டுவிட்டு அதன்மேலேயே செடித்தொட்டியை வைத்தால் உரத்தண்ணீர் வடிந்து வட்டமாகக் கறை விழும். அடியில் தட்டு வைத்து, நாலு செங்கல்மேல் தூக்கி வையுங்கள். தரை மங்கினால் துடைக்கிற தண்ணீரில் சில சொட்டுத் தேங்காய் எண்ணெய் போதும். கரண்டி கரண்டியாக ஊற்றிவிட்டு அப்பத்தா வழுக்கி விழுந்துவிட்டார்கள் என்று எனக்கு எழுதாதீர்கள். முட்டை வெள்ளைக்கரு கலந்து சுவரை நாங்களே பூசலாமா என்று கேட்டவருக்கு: முட்டை கடைசிப் பூச்சுக்குத்தான். அடியில் சுண்ணாம்பு சரியாக நீற்றாமல், ஒவ்வொரு பூச்சும் இறுகப் பொறுக்காமல் அவசரப்பட்டால் சுவர் வெடிக்கும். அத்தனை முட்டைக்கு வீட்டில் ஆம்லெட்டாவது போட்டிருக்கலாம்.

ஒயிட் சிமெண்டு, ஆக்சைடு, லாரி வாடகை எல்லாம் ஏறிவிட்டதால் சித்திரை முதல் கல்லுக்கு 4 ரூபாய் கூடுகிறது. வழியில் உடைகிற கல்லுக்கு மாற்று, 100-க்கு 2 வரை.

ஆடியோ வந்த மறுநாள் தேவகோட்டையிலிருந்து ஒரு ஆச்சி, 11 வருஷத்துக்கு முன்னால் நம்மிடம் எடுத்த கல்லைப் போட்டோ எடுத்து, அதே குரூப்பிலேயே போட்டு, "என் வீட்டுத் தரையை வந்து பார்த்துட்டுப் பேசுங்க" என்று எழுதினார்களாம். நான் கேட்டுக்கொள்ளவே இல்லை. பிள்ளை கல்யாணத்துக்கு வீட்டை எடுத்துக்கட்டியபோது ஒரே ஒரு தடவை வந்த ஆச்சி. அதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் கல்லாவில் சும்மா உட்கார்ந்திருந்தேன். இந்தப் பத்து நாளில் போன் போட்டு "என்ன நடந்துச்சு அண்ணே" என்று முதலில் என்னைக் கேட்ட அத்தனை பேருக்கும் நன்றி. செவ்வாய்ப் பொங்கலுக்கு ஊருக்கு வரும்போதெல்லாம் வேலை இல்லாவிட்டாலும் கடையில் ஏறி ஒரு காபி குடித்துவிட்டுப் போகிறவர்களுக்கும்தான்.

இன்னும் சந்தேகம் இருப்பவர்கள் நேரில் வாருங்கள். கல்லாப்பெட்டி பக்கத்தில் ஒரு நம்ம கல்லையும் ஒரு பிரிண்ட் கல்லையும் இரண்டாக உடைத்து வைத்திருக்கிறேன், ஒரு சின்னப் பாட்டிலில் ஆசிட்டும் இருக்கிறது. நீங்களே ஊற்றிப் பார்க்கலாம். மதியம் 2 முதல் 4 வரை மட்டும் வேண்டாம், கடை பூட்டியிருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் கல் கடைக்காரர், காரைக்குடி